2011 விவாகரத்து ஆர்டர் காப்பி: வழக்கு எண் தெரியாமல் எப்படி எடுப்பது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். அக்காவின் விவாகரத்து 2011-இல் எங்கள் ஊர் சப்-கோர்ட்டில் முடிந்தது. மனு போட்டது அக்கா. எதிர்தரப்பு வராததால் எக்ஸ்பார்ட்டி ஆர்டர். கையில் இருப்பது ஒரு ஜெராக்ஸ்தான், அதிலும் முதல் பக்கம் இல்லை, எனவே வழக்கு எண் தெரியாது. அன்றைக்கு நடத்திய வக்கீல் தொழிலை விட்டுவிட்டார்.

அக்கா இப்போது சிங்கப்பூரில். மறுமணப் பதிவுக்கு முத்திரை போட்ட நகல் வேண்டும் என்கிறார்கள். இடையில் எங்கள் மாவட்டத்தில் குடும்ப நீதிமன்றம் வந்துவிட்டது. அங்கே போக வேண்டுமா, பழைய சப்-கோர்ட்டுக்கா? அக்கா வராமல் நான் மனு போட முடியுமா? எக்ஸ்பார்ட்டி ஆர்டர் செல்லாது என்று ஒரு உறவினர் வேறு பயமுறுத்துகிறார்.

---

நகல்மனு எழுதியது:

முதலில் வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குடும்ப நீதிமன்றம் தொடங்கும்போது அங்கே மாறிப்போவது நிலுவையில் இருந்த வழக்குகள்தான். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதற்கு முன்பே முடிந்துபோன கட்டு தீர்ப்பு சொன்ன கோர்ட்டின் ரெக்கார்டு அறையில் இருக்கும், அல்லது மாவட்ட நீதிமன்றத்தின் சென்ட்ரல் ரெக்கார்டுக்குப் போயிருக்கும். ஆகவே நீங்கள் போக வேண்டியது சப்-கோர்ட். குடும்ப நீதிமன்றத்தில் கேட்டால் "எங்க ரிஜிஸ்டர்ல இல்லை" என்பார்கள். அது சரியான பதில்தான். அதைக் கேட்டுவிட்டு ரெக்கார்டே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மனு சப்-கோர்ட்டில் போட்டது, பாதியில் குடும்ப நீதிமன்றத்துக்கு மாறியது என்றால் எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்ணைச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் தேடினால் அதே எண்ணில் வேறு யாருடைய வழக்கோ வரும். சப்-கோர்ட் பதிவேட்டில் பழைய எண்ணுக்கு நேரே மாற்றிய விவரம் குறித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் புது எண்ணை எடுக்க வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். இந்து திருமணச் சட்ட மனு சப்-கோர்ட்டில் எச்.எம்.ஓ.பி. என்று இருக்கும். கிறிஸ்தவர்களுக்கு ஐ.டி.ஓ.பி., குழந்தை காப்பாளர் வழக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி., ஜீவனாம்சம் எம்.சி. சென்னையில் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றங்களில் வெறும் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்). சென்னையிலேயே குழந்தை வழக்கின் பழைய கட்டு உயர்நீதிமன்ற ஒரிஜினல் சைடிலும் (நேரடியாக வழக்கு விசாரிக்கும் பிரிவு) இருக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனியாகப் போட்ட மனு இதில் எதிலும் சேராது, அது மாஜிஸ்திரேட் கோர்ட் சமாசாரம். "குடும்ப வழக்கு"தானே என்று குடும்ப நீதிமன்றத்தில் தேடி நாளை வீணாக்குகிறவர்கள் ஏராளம்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

எண்ணைக் கண்டுபிடிக்கக் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் போனிலேயே ஒரு முயற்சி செய்யலாம். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் தளத்தில் கேஸ் ஸ்டேட்டஸ் போய் மாநிலம், மாவட்டம், கோர்ட் காம்ப்ளெக்ஸ் தேர்ந்தெடுத்து, "பார்ட்டி நேம்" வழியாகத் தேடுங்கள். மூன்று இடங்களில் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

ஒன்று, ஆண்டு. தளம் கேட்பது வழக்கு பதிவான ஆண்டு. தீர்ப்பு 2011 என்றால் மனு 2009-லோ 2010-லோ எண்ணாகியிருக்கும். 2011 போட்டால் ஒன்றும் வராது. ஒவ்வொரு ஆண்டாகப் பின்னால் போங்கள்.

இரண்டு, "பெண்டிங்" என்ற பொத்தான் அழுந்தியிருந்தால் முடிந்த வழக்கு தெரியாது. "போத்" வையுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். பதிவு செய்த ஊழியர் கேட்டபடி அடித்திருப்பார். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் ழகரத்துக்கு "இசட் எச்" போட்டிருக்கலாம், வெறும் "எல்" போட்டிருக்கலாம். சண்முகத்துக்கு "எஸ்" மட்டுமா, "எஸ் எச்"சா என்று சொல்ல முடியாது. முழுப் பெயரையும் அடிக்காதீர்கள். குறைந்தது 3 எழுத்து இருந்தால் போதும், எனவே மாறாத நடுத்துண்டை மட்டும் அடியுங்கள். அக்கா பெயரில் கிடைக்காவிட்டால் எதிர்தரப்புப் பெயரில் தேடுங்கள்.

கிடைத்தால் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தளம் தரும் தனி அடையாள எண்) குறித்துவையுங்கள். "டி என்" என்று ஆரம்பித்து மாவட்டம், கோர்ட்டின் குறி, 6 இலக்க எண், கடைசி 4 இலக்கத்தில் ஆண்டு என்று வரும். அதன் பிறகு பெயர் தேடலே வேண்டாம். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டாலே விவரம் வந்துவிடும்.

ஆனால் 2011 கால வழக்கு கணினியில் ஏறாமலே இருக்கவும் வாய்ப்புண்டு. ஏறியிருந்தாலும் ஆர்டர் பிடிஎஃப் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தாம்பத்திய வழக்குகள் இந்து திருமணச் சட்டம் 22-ஆவது பிரிவின்படி மூடிய அறையில் நடப்பவை, அச்சிட்டு வெளியிடவும் தடை. பல இடங்களில் தரப்பினர் பெயரே மறைந்திருக்கும்.

தளத்தில் இல்லையென்றால் கோர்ட் பதிவேடுதான் வழி. எண் தெரியாதவர்களுக்குத் தேடுதல் மனு என்று ஒன்று இருக்கிறது. தரப்பினர் பெயர், தோராய ஆண்டு எழுதிக் கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். உங்களிடம் உள்ள ஜெராக்ஸின் கடைசிப் பக்கத்தில் தேதியும் நீதிபதி கையெழுத்தும் இருக்குமே? தீர்ப்புத் தேதி தெரிந்தாலே போதும், பைசல் பதிவேட்டில், அதாவது முடிந்த வழக்குகளின் பதிவேட்டில், அந்த நாளைப் புரட்டினால் எண் கிடைத்துவிடும். தேடுபவருக்கும் வேலை குறைவு.

---

ஊர்க்குருவி எழுதியது:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் வீட்டுக்கே வந்துவிடும்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

வராது. கோர்ட் கட்டில் உள்ள நகலைக் கோர்ட்டின் சொந்த விதிப்படி மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆர்டிஐ வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2020 மார்ச்சில் குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிவிட்டது. ஆர்டிஐ போட்டால் ஒரு மாதம் கழித்து "நகல் மனு தாக்கல் செய்யவும்" என்று ஒரு கடிதம் வரும். அந்த ஒரு மாதத்தில் நகலே வாங்கியிருக்கலாம்.

---

நகல்மனு எழுதியது:

எண் கையில் வந்த பிறகு நடப்பது இது.

நகல் மனுப் படிவம் கோர்ட் வளாகத்திலேயே கிடைக்கும். கோர்ட் பெயர், வழக்கு எண், இரு தரப்பினர் பெயர், பைசலான தேதி, என்ன ஆவணம், எத்தனை பிரதி, எதற்காக என்று நிரப்பி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். "என்ன ஆவணம்" என்ற இடத்தில்தான் பாதிப்பேர் தவறு செய்கிறார்கள். "டைவர்ஸ் ஆர்டர்" என்று எழுதாதீர்கள். ஓ.பி. வழக்கில் இரண்டு தாள் உண்டு. நீதிபதி காரணம் சொல்லி எழுதியது ஃபேர் ஆர்டர். முடிவை மட்டும் சுருக்கி முத்திரையோடு வரைவது டிக்ரீட்டல் ஆர்டர், அதாவது தீர்ப்பாணை. வெளிநாட்டில் இரண்டையும் கேட்பார்கள். "ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர், தலா 2 பிரதி" என்று ஒரே மனுவில் எழுதிவிடுங்கள். ஒன்றை மட்டும் வாங்கிப் போய்விட்டு மறுபடி வரிசையில் நிற்பது வீண்வேலை.

மனுவுக்கு ஒரு சி.ஏ. (காப்பி அப்ளிகேஷன்) நம்பர் போடுவார்கள். அதைக் குறித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், இங்கேதான் மனு செத்துப்போகிறது. கட்டு வந்து பக்கம் எண்ணிய பிறகு, இந்தந்த மனுவுக்கு இத்தனை நகல் ஸ்டாம்ப் தேவை என்று நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதைத்தான் "கால்டு ஃபார்" என்பது. குறித்த நாளுக்குள் ஸ்டாம்பைக் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள், புதிதாகப் போட வேண்டியதுதான். தபாலிலோ போனிலோ யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போர்டைப் பார்க்க உள்ளூரில் ஒரு ஆள் தேவை.

பழைய கட்டு என்றால் ரெக்கார்டு அறையிலிருந்து வரவழைக்கும் நாட்களும் சேரும். சென்ட்ரல் ரெக்கார்டில் என்றால் இன்னும் கூடும். நாள்கணக்கு சொல்லி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். வளாகத்தில் திரியும் ஆட்கள் "நாளைக்கே எடுத்துத் தர்றேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஸ்டாம்புக்கு ஆகும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

நகல் கிடைத்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக ஒரு முத்திரை இருக்கும். உங்களுக்கு இது வெறும் அலங்காரம். ஆனால் புதிய தீர்ப்பு வாங்கி மேல்முறையீடு போகிறவர்களுக்கு அந்த ஐந்து தேதிதான் உயிர். காலவரம்புச் சட்டம் 12-ஆவது பிரிவில் நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அந்தக் கழித்தல் இந்த முத்திரையை வைத்துத்தான். ஸ்டாம்ப் கேட்டும் கட்டாமல் நீங்கள் தாமதித்த நாட்கள் கழியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இந்து திருமணச் சட்டம் 23(4)-இன்படி விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும். தீர்ப்பு முடிந்த வாரத்திலேயே கேட்டு வாங்கி வைத்துவிட்டால் 14 வருடம் கழித்து இந்தத் தேடல் வராது. கேட்காமல் தானாக வருவது அபூர்வம்.

---

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. கடைசித் தாளில் தேதி இருக்கிறது, 2011 ஆகஸ்ட். தளத்தில் வரவில்லை, நேரில்தான் போக வேண்டும். நான் தம்பி என்ற முறையில் கையெழுத்துப் போடலாமா? எக்ஸ்பார்ட்டி விஷயமும் சொல்லுங்கள்.

---

தாமரைக்குளம் எழுதியது:

நீங்கள் உடன்பிறந்தவர் என்றாலும் வழக்கில் தரப்பினர் இல்லை. சட்டப்படி மூன்றாம் நபர். மூன்றாம் நபர் நகல் கேட்டால் எதற்கு என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். மூடிய அறையில் நடந்த வழக்கு என்பதால் அதற்கு எளிதில் உத்தரவு வராது, வரவும் கூடாது.

அதைவிட எளிது, அக்கா அங்கிருந்தே ஒரு உள்ளூர் வக்கீலுக்கு வக்காலத்து (தனக்காக ஆஜராக அனுமதிக்கும் படிவம்) கையெழுத்திட்டு அனுப்புவது. சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனில் கையெழுத்தைச் சான்றளித்து அனுப்பினால் இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பழைய வக்கீலின் வக்காலத்து இன்னும் கட்டில் இருக்கும். வழக்கு முடிந்தாலும் நகல் வாங்குவது வரைக்கும் அது உயிரோடு இருப்பதாகத்தான் சிவில் நடைமுறைச் சட்டம் (ஆணை 3, விதி 4) கணக்கிடுகிறது. அதனால் அவரிடம் ஒரு ஆட்சேபம் இல்லை என்ற கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலை விட்டுவிட்டார், ஆள் கிடைக்கவில்லை என்றால் அதையே மனுவில் சொல்லலாம்.

பவர் பத்திரம் கொடுத்து உங்களையே ஏஜென்ட் ஆக்குவதும் ஒரு வழி. ஆனால் வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதைத் தவறவிட்டவர்களின் பவரைக் கவுன்டரிலேயே திருப்பிவிடுகிறார்கள். ஒரு நகலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எக்ஸ்பார்ட்டி பற்றி: உறவினர் சொல்வது தவறு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையும் முழுத் தீர்ப்பாணைதான். எதிர்தரப்பு அதை நீக்கக் கோரி மனுப் போட 30 நாள் கெடு, நோட்டீஸே சரியாக வரவில்லை என்றால் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்தை மன்னிக்கும்படியும் கேட்கலாம். ஆகவே சும்மா "செல்லும்" என்று இருந்துவிடாமல் ஒன்றைச் சரிபாருங்கள்: பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 2011-க்குப் பிறகு ஏதாவது ஐ.ஏ. (இடைமனு) ஏறியிருக்கிறதா? சப்-கோர்ட் தீர்ப்புக்கு மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்தில் சி.எம்.ஏ.வாக (சிவில் இதர மேல்முறையீடு) போகும், அங்கேயும் பாருங்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் நேரே உயர்நீதிமன்றம், தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகுதான் மறுமணம் என்று இந்து திருமணச் சட்டம் 15-ஆவது பிரிவு சொல்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்று இரண்டு கணக்கு உண்டு. புதிதாகத் தீர்ப்பு வாங்கியவர்கள் 90 நாளை எண்ணிக்கொள்வது நல்லது. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு அந்தக் கவலை இல்லை, சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டம் 19(2)-இன்படி மேல்முறையீடே கிடையாது. அக்காவுக்கு 2011 என்பதால் எந்தக் கணக்கிலும் பிரச்சினை இல்லை.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். தங்கைக்கு மாதம் ஜீவனாம்சம் என்று குடும்ப நீதிமன்றம் எம்.சி.யில் உத்தரவு போட்டு 18 மாதம் ஆகிறது, ஒரு பைசா வரவில்லை. நகல் எடுக்கவும் வக்கீல் வைக்கவும் பணம் இல்லை.

---

தாமரைக்குளம் எழுதியது:

அம்மா, இதைத் தள்ளிப் போடாதீர்கள். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்கக் கோரும் மனுவை ஒவ்வொரு மாதத் தொகையும் சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். 18 மாதம் என்றால் முதல் ஆறு மாதத் தொகை இந்த வழியில் ஏற்கெனவே நழுவிவிட்டது. இனி தள்ளும் ஒவ்வொரு மாதமும் இன்னொன்று நழுவும். மனுப் போட்டு அது நிலுவையில் இருக்கும்போது பிந்தைய மாதங்களை அதில் சேர்க்கலாம். கொடுக்காதவருக்கு ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது.

நகலுக்குப் பணம் வேண்டாம். ஜீவனாம்ச உத்தரவின் நகலை, யாருக்குச் சாதகமாக வந்ததோ அவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 முதல் 128 வரை இருந்த பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144 முதல் 147 ஆகிவிட்டன. பழைய எண்ணைச் சொன்னாலும் ஊழியர்களுக்குப் புரியும்.

வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தாலுகாவில் வட்ட சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆவது பிரிவு. "வருமானச் சான்று வாங்கிட்டு வா" என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். ஆதார், உத்தரவு நகல் அல்லது வழக்கு எண், ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். போனில் 15100.

மனுவோடு எதிர்தரப்பு வேலை பார்க்கும் இடம், சம்பளம் போடும் வங்கிக் கிளை தெரிந்தால் எழுதுங்கள். முகவரி மட்டும் இருந்தால் "ஆள் இல்லை" என்று வாரண்ட் திரும்பிக்கொண்டே இருக்கும். புதிதாக ஜீவனாம்சம் கேட்பவர்கள் இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் போட்டாக வேண்டும், ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. எதிர்தரப்பு போடாமல் இழுத்தால் அதைச் சுட்டிக்காட்டி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்.

---

நகல்மனு எழுதியது:

வைகைக்கரைக்கு விட்டுப்போன சில.

கோர்ட் வளாகத்தில் இ-சேவா கேந்திரா என்று ஒரு கவுன்டர் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். வழக்கு நிலை தேடித் தருவது அவர்கள் வேலை. இது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் சாதிச் சான்று எடுக்கும் இ-சேவை மையம் அல்ல, பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது.

கட்டே கிடைக்கவில்லை என்று சொன்னால் வாய்வார்த்தையோடு வராதீர்கள். நகல் மனுவிலேயே அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால்தான் கட்டை மறுபடி உருவாக்கக் கோரி அதே கோர்ட்டில் மனுப் போட முடியும். அதற்கு உங்களிடம் உள்ள ஜெராக்ஸ்தான் முதல் ஆதாரம். அதில் பேனாவால் எதையும் எழுதாதீர்கள்.

நகல் வந்ததும் அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வெளிநாட்டில் நிறுத்திவிடுவார்கள். தட்டச்சுப் பிழையைத் தீர்ப்பு சொன்ன கோர்ட்டே எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், சிவில் நடைமுறைச் சட்டம் 152. வருடம் போய்விட்டது என்று தயங்க வேண்டாம். ஆனால் மனுவிலேயே பெயர் தவறாக இருந்து அதன்படி ஆர்டர் வந்திருந்தால், மனுவையும் சேர்த்துத் திருத்தக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்கும் சான்று) ஒப்பந்தத்தில் உள்ள நாடு. மாநில அரசின் சான்று, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற வரிசையில் போக வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் கடைசியில் அந்த நாட்டுத் தூதரகச் சான்று.

2 பிரதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒன்றை அப்படியே வைத்துவிடுங்கள். அனுப்பும் பிரதியின் பின்னைக் கழற்றி ஸ்கேன் செய்யாதீர்கள், பக்கங்களின் ஓரத்தில் குறுக்கே விழுந்த முத்திரை பிரிந்தால் சந்தேகப்படுவார்கள். லேமினேஷன் கூடவே கூடாது, அதன்மேல் யாரும் சான்று முத்திரை குத்த மாட்டார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

வக்காலத்துப் படிவத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். திங்களன்று தேடுதல் மனு போடுகிறேன். ஜெராக்ஸை லேமினேட் செய்யக் கடைக்குக் கொடுத்திருந்தேன், ஓடிப்போய் வாங்கி வந்துவிட்டேன்.